மகளின் சாரணியர் முகாமுக்குத் துணைக்குப் போகும் அம்மாவுக்கு

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளின் சாரணியர் குழு ஆழியாறு, வால்பாறை என்று இரண்டு இரவு முகாம் போகிறது. துணைக்கு இரண்டு அம்மாக்கள் வேண்டும் என்று ஆசிரியை கேட்க, நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். இப்போது "அங்க போய் நான் என்னங்க பண்ணணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்கிறீர்கள். கடைசியில், "என் பொண்ணு கூடவே இருந்து பார்த்துக்கலாம்ல?" என்றும் ஒரு வரி. சாமான் பட்டியலை ஆசிரியையே கொடுத்துவிடுவார். முப்பது பெண்பிள்ளைகளுக்கு நடுவில் உங்கள் இடம் எது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் பல வருடம் சாரணியர் குழுவை நடத்தியவள் நான். மருத்துவரோ வக்கீலோ கிடையாது. அந்த இரண்டு விஷயத்திலும், முகாமுக்குப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குத்தான் சொல்வேன்.

கொடியேற்றம், முடிச்சுப் பயிற்சி, நடைப்பயணம், பாட்டு என்று நிகழ்ச்சி நடக்கும்போது துணைக்கு வந்தவருக்குப் பெரிய வேலை இருக்காது. அதையெல்லாம் ஆசிரியை பார்த்துக்கொள்வார். வம்பும் விபத்தும் வருவது ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கும் நேரத்தில்தான். பஸ் நின்று எல்லோரும் இறங்கும் ஐந்து நிமிடம், குளித்துத் துணி மாற்றும் அரை மணி, சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவப் போகும் நேரம், விளக்கணைத்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம். அப்போது ஆசிரியை அடுத்த வேலையில் இருப்பார், பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட மாதிரி இருப்பார்கள். அந்த நேரங்கள்தான் உங்களுடையவை. எந்த இடைவெளியில் நீங்கள் எங்கே நிற்க வேண்டும், இன்னொரு அம்மா எங்கே நிற்க வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே ஆசிரியையிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகள் கூடவே இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. சாரணியர் குழுவை ஆறு, ஏழு பேர் கொண்ட அணிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அணித்தலைவி உண்டு. 1907-ல் பேடன் பவல் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பிள்ளைகளை இப்படித்தான் சிறு அணிகளாகப் பிரித்தார். பெரியவர் ஒவ்வொருவரையும் மேய்க்காமல், பிள்ளைகளே பொறுப்பெடுத்துப் பழகட்டும் என்பதுதான் அதன் நோக்கம். உங்கள் மகளுக்குத் தலைவலி என்றால் அவள் முதலில் அணித்தலைவியிடம்தான் சொல்ல வேண்டும். நேராக அம்மாவிடம் ஓடி வந்தால் அந்த அணித்தலைவிக்கு மரியாதை போய்விடும், மற்ற பிள்ளைகளுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிடும். அதனால் மகளின் அணி இன்னொரு அம்மாவின் பொறுப்பில் இருக்கட்டும், அவருடைய மகளின் அணியை நீங்கள் பாருங்கள். இதைக் கிளம்பும் அன்று பஸ்ஸில் வைத்துச் சொல்லாமல், இரண்டு நாள் முன்னாலேயே வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். மகளுக்கு மட்டும் தனியாக ஒரு டப்பாவில் ஒப்புட்டு எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப் போனால் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

அம்மாக்கள் வந்தால் இன்னொன்றும் நடக்கும். அடுப்பங்கரை அவர்கள் கைக்குப் போய்விடும். அணிகள் சமைக்க வேண்டிய நேரத்தில், "நகருங்க கண்ணு, நான் பண்ணித் தர்றேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அரிசிம்பருப்பு அடிபிடித்தால் பிடிக்கட்டும். நெருப்புக்குப் பக்கத்தில் துப்பட்டாவைத் தொங்கவிட்டிருக்கிறார்களா, கொதிக்கும் குண்டாவைத் தனி ஆளாகத் தூக்குகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இனி, எந்தச் சூழ்நிலையிலும் தளர்த்தக் கூடாதவை. முதலாவது, மூடிய கதவுக்குப் பின்னால் பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருத்தியும் மட்டுமாக இருக்கக் கூடாது. இது ஆசிரியைக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. "நான் பொம்பளை, எனக்கும் பொண்ணு இருக்கு, என்னை யார் சந்தேகப்படப் போறாங்க" என்று தோன்றும். உங்களைச் சந்தேகப்பட்டு வைத்த விதி இல்லை இது. எல்லோரும் கடைப்பிடித்தால்தான், கடைப்பிடிக்காத ஒருவர் கண்ணில் படுவார். அழுகிற பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டுமென்றால் வராண்டாவில் உட்கார்ந்து பேசுங்கள், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியட்டும், காதுக்குக் கேட்க வேண்டாம். டிரைவர், கிளீனர், சமையல்காரர், வாட்ச்மேன் யாரும் பிள்ளைகள் தங்கும் பகுதிக்குள் வரக் கூடாது. பெட்டி தூக்கித் தருகிறேன் என்று அன்பாகவே வந்தாலும், வாசலோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எண்ணிக்கை. தலையை எண்ணுவது போதாது. முப்பது பிள்ளைகள் நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஒரு தலையை இரண்டு தரம் எண்ணிவிடுவோம். ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் கொடுத்து, அவளே வாயால் சொல்ல வேண்டும். கூடவே ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி. ஜோடி இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போகக் கூடாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட் என்ற இடத்தில் எல்லா வண்டியும் நிற்கும். அங்கிருந்து ஆழியாறு அணை முழுவதும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடும் நிற்கும். வரையாட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடுவார்கள், அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு பஸ் இறங்கும். நான் சொன்ன இடைவெளி நேரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஓர் அம்மா பஸ் படியிலேயே நின்று முதல் பிள்ளை இறங்குவதற்கு முன் தான் இறங்க வேண்டும். இன்னொரு அம்மா கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு இறங்க வேண்டும். திரும்ப ஏறியதும் எண் சொல்லி முடிக்காமல் வண்டி நகரக் கூடாது என்று டிரைவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வளைவு என்றதும் வாந்தி ஞாபகம் வருகிறது. ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் யார் என்று முன்பே கேட்டு முன் சீட்டில் உட்கார வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலும் ஆகாது, இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுகிற பழக்கம் இருந்தால் வீட்டிலிருந்தே கொடுத்துவிடச் சொல்லுங்கள். அதை மலை ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்னால் போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

மூன்றாவது, தண்ணீர். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஆழியாறு அணையிலோ ஆற்றிலோ ஒரு பிள்ளையும் இறங்க வேண்டாம். குரங்கு அருவி என்று நாம் சொல்லும் கவியருவியில் வனத்துறை அனுமதித்திருந்தால், அவர்கள் சொல்லும் இடத்தில், அணி அணியாக மட்டும் குளிக்கலாம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக வரும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் அடித்து வந்தால், அந்த நிமிடமே எல்லோரும் வெளியே. ஒரு அணி குளிக்கும்போது ஒரு பெரியவர் குளிக்காமல், செல்போன் பார்க்காமல், தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள். குதித்தவரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கயிறு, துப்பட்டா, கம்பு எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள், படுத்துக்கொண்டு நீட்டுங்கள். குளித்து வந்த பிறகு ஈரத் துணியோடு யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. துணி மாற்றும் அறைக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் நீங்கள் உள்ளே போய்த் தாழ்ப்பாள், வென்டிலேட்டர், கதவிடுக்கு எல்லாம் பாருங்கள். உள்ளே செல்போன் போகக் கூடாது.

வால்பாறையில் இருட்டின பிறகு வெளியே வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் சிறுத்தையும் யானையும் நடமாடும் ஊர் அது. கழிவறை தனியாக, முற்றத்தைத் தாண்டி இருக்கிறதா என்று போனதும் பாருங்கள். அப்படி இருந்தால் படுப்பதற்கு முன் எல்லோரையும் ஒரு தரம் மொத்தமாக அழைத்துப் போய்விட்டு, அதன் பிறகு போகிறவர்கள் உங்களை எழுப்பித்தான் போக வேண்டும் என்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். ரத்தத்தைப் பார்த்து அலறுவார்கள். ஆபத்தில்லை. உப்பைத் தொட்டு வைத்தால் விழுந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு பள்ளிக் கூடத்திலோ மண்டபத்திலோதான் தங்க வைப்பார்கள். பவானி ஜமக்காளத்தை நீளமாக விரித்து, அணி அணியாகப் படுக்க வைப்பார்கள். பெரியவர்கள் அந்த ஜமக்காளத்திலேயே பிள்ளைகளுக்கு நடுவில் படுக்க வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில், தனியாக, ஆனால் ஒரு பிள்ளை மெதுவாகக் கூப்பிட்டாலும் கேட்கும் தூரத்தில் படுங்கள். கழிவறைப் பக்கம் ஒரு விளக்கு விடிய விடிய எரியட்டும். சிரிப்பும் குசுகுசுப்பும் பதினொரு மணி வரை ஓடும், முதல் நாள் அதை அடக்க முடியாது.

படுக்கையை நனைக்கும் பிள்ளை ஒருத்தியாவது இருப்பாள். பத்து, பதினொரு வயதிலும் இது அபூர்வமில்லை. சில அம்மாக்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள். சிலர் கிளம்பும்போது உங்களை ஓரமாக இழுத்துக் காதில் சொல்வார்கள். அந்தப் பிள்ளை ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்தில் படுக்கட்டும். நீங்கள் தூங்கப் போவதற்கு முன் தோளைத் தொட்டு எழுப்பிக் கழிவறை வரை அனுப்புங்கள், ஜோடியோடு. அதையும் மீறி நனைந்துவிட்டால், மற்றவர்கள் எழுவதற்கு முன் விரிப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு வேறு விரிப்பைப் போடுங்கள். உங்கள் பெட்டியில் இருண்ட நிறத்தில் இரண்டு பழைய பெட்ஷீட் கூடுதலாக இருக்கட்டும். இது உங்களோடு நிற்க வேண்டும். உங்கள் மகளிடம் சொல்லக் கூடாது, முகாம் முடிந்து ஒரு வருடம் ஆனாலும் சொல்லக் கூடாது.

மாதவிலக்கு. எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வந்திருக்கும், பாதிப் பேருக்கு வந்திருக்காது. நாப்கின், மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள், மூடி போட்ட குப்பைக் கூடை இவை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்கும்படி வைக்காமல் அவர்களே எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். முகாமிலேயே ஒருத்தி பெரியவளாகிவிட்டால் என்ன செய்வது என்று அம்மாக்கள் கேட்பதுண்டு. நம் பக்கத்தில் தெரட்டி, அதாவது பூப்புச் சடங்கு, என்றால் தாய்மாமன் சீர் வரை போகிற விஷயம். அதனால் அந்தச் செய்தியை அவள் அம்மாவுக்கு முதலில், ஆசிரியை வாயால், போனில் சொல்ல வேண்டும். மற்ற பெற்றோருக்கு அது தெரிய வேண்டியதில்லை. பிள்ளைக்கு அந்த நேரத்தில் தேவை வெந்நீர், நாப்கின், எப்படி வைப்பது என்று பதறாமல் சொல்லித்தர ஒரு பெண். முகாமை விட்டு அழைத்துப் போவதா, இருந்து முடித்துவிட்டு வருவதா என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும், ஆனால் "நீ என்ன கண்ணு நினைக்கிறே?" என்று அவளையும் கேளுங்கள்.

வழியில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நிறுத்துவார்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் நிறுத்துவார்கள். மாதவிலக்கான பிள்ளைகள் உள்ளே வர மாட்டேன் என்பார்கள். அதை நீங்கள் விவாதிக்க வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். "யாரெல்லாம் வரலை, கை தூக்குங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நான் வெளியே பை பார்த்துக்கப் போறேன், கூட யாராவது இருங்க" என்று பொதுவாகச் சொல்லுங்கள். இருக்க நினைப்பவர்கள் இருந்துகொள்வார்கள், காரணம் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் தனியாக ஒரு பிள்ளையை டிரைவரோடு விட்டுவிட்டு எல்லோரும் தரிசனத்துக்குப் போவது நடக்கவே கூடாது.

மருந்தைப் பொறுத்தவரை, உங்கள் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைகூட யாருக்கும் கொடுக்காதீர்கள். மருந்தின் பெயர், அளவு, நேரம் எழுதிப் பெற்றோர் கொடுத்த கவரில் இருந்து ஆசிரியை கொடுப்பார், கொடுத்ததை எழுதி வைப்பார். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் மட்டும் அவள் கையிலேயே இருக்கட்டும், பஸ்ஸின் டிக்கியில் போய்விடக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, மணி பாருங்கள். கையில் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு உறுதியானவை. அடுத்து வருபவற்றில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை. செல்போனை மொத்தமாக வாங்கி வைப்பதா என்பது ஒன்று. இரவில் வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பகலில் அணிக்கு ஒரு போன் போதும். வீட்டை நினைத்து அழுகிற பிள்ளையை உடனே அம்மாவோடு பேச வைப்பதா என்பது இன்னொன்று. ராத்திரி பத்து மணிக்கு அம்மா குரலைக் கேட்டதும் அழுகை கூடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் முகம் கழுவச் சொல்லி, சூடாகப் பால் கொடுத்து, "காலையில டிபன் முடிச்சதும் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிடுவேன், சொன்ன நேரத்தில் பேச வைத்தும் விடுவேன். ஆனால் பேசினால்தான் தூங்கும் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளையை யாருக்குத் தெரியுமோ அவர் சொல்வதைக் கேளுங்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. பத்துப் பேருக்கு ஒருவர், தண்ணீர் பக்கம் போனால் அதைவிட அதிகம் என்பது என்னுடையது.

பிள்ளைகளோடு பேச்சு வளர்க்க நம் பக்கத்துப் பெண்கள் வழக்கமாகக் கேட்பது, "எந்த ஊரு கண்ணு? நீங்க என்ன கூட்டம்?" என்றுதான். கூட்டம் என்றால் சாதிக்குள் இருக்கும் குலப் பிரிவு. பாசமாகத்தான் கேட்கிறோம். ஆனால் அந்த ஜமக்காளத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கூட்டம் என்று சொல்ல எதுவும் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் பக்கத்தில் யார் படுப்பது, யார் தட்டில் யார் சாப்பிடுவது என்று ஒரு பெற்றோர் போன் செய்து சொன்னால், "அணிப்படிதாங்க" என்று முடித்துவிடுங்கள்.

இதை எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். விளக்கணைத்த பிறகு, இருட்டில், பிள்ளைகள் வீட்டில் சொல்லாததைச் சொல்வார்கள். ஒருத்தி தன்னை யாரோ தொந்தரவு செய்வதாகச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், "நீ சொன்னது நல்லதுடா, உன் மேல தப்பில்லை" என்று சொல்லுங்கள், பிறகு அப்படியே எழுதி வையுங்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிய வந்தால் போலீசுக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரியது. குற்றம் சொல்லப்படுபவர் சொந்தக்காரராக இருந்தாலும், பள்ளியைச் சேர்ந்தவராக இருந்தாலும் இது மாறாது. உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. ஆசிரியையிடம் அன்றைக்கே சொல்லுங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1098-க்குப் போன் போடுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் அது. பிள்ளையின் பெயர் வேறு யார் வாய்க்கும் போகக் கூடாது.

கடைசி இடைவெளி, திரும்பி வந்து பள்ளி வாசலில் இறங்கும் நேரம். எல்லோரும் களைத்துப்போய், வீட்டுக்குப் போனால் போதும் என்று இருப்பீர்கள். ஒப்புதல் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டும் பிள்ளையை ஒப்படைத்து, கையெழுத்து வாங்குங்கள். "நான் அவ சித்தப்பா தானுங்க" என்று வந்தால், பெற்றோருக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகு அனுப்புங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. யாராவது ஒரு அப்பா வருவதற்கு ஒரு மணி நேரம் தாமதமாகும். அப்போது ஆசிரியையைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் கிளம்பிவிடாதீர்கள், அவரும் உங்களை விட்டுப் போகக் கூடாது. அந்தப் பிள்ளை வண்டி ஏறும் வரை இரண்டு பேரும் இருங்கள். உங்கள் மகளும் அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டிவரும் என்பதை வீட்டில் பேசும்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.